பிராக் வசந்த இசை விழாவுக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் நாட்டின் தலைநகர் பிராகில் ஒவ்வொரு ஆண்டும் மே 12 அன்று தொடங்கி ஜூன் தொடக்கம் வரை மூன்று வாரம் நடக்கிறது இந்த விழா. செக் மொழியில் 'பிராஷ்ஸ்கே யாரோ', அதாவது பிராக் வசந்தம். போக நினைக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மேற்கத்திய இசையில் நான் பண்டிதன் இல்லை. டிக்கெட் வாங்கி, உட்கார்ந்து, கேட்டுவிட்டு வருகிற ஆள்.

பிராக் வசந்தம் என்பது 1968 அரசியல் விவகாரம் அல்லவா?

இரண்டுக்கும் ஒரே பெயர். ஆனால் விழாதான் மூத்தது, 22 வயது மூத்தது. 1968-ல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் துப்செக் கொண்டுவந்த சீர்திருத்தங்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது; ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நுழைந்து அதை முடித்துவைத்தன. அதனால் இணையத்தில் வெறுமனே 'பிராக் வசந்தம்' என்று தேடினால் முதலில் டாங்கிதான் வரும், வயலின் வராது. 'இசை விழா' என்று சேர்த்துத் தேடுங்கள்.

விழா பிறந்தது 1946-ல். போர் முடிந்து ஒரே ஆண்டு. செக் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்கு அந்த ஆண்டு 50 வயது. 1896 ஜனவரி 4 அன்று செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கே நின்று நடத்திய கச்சேரிதான் அந்தக் குழுவின் முதல் கச்சேரி. பொன்விழாவைச் சாக்காக வைத்து, அப்போது குழுவின் தலைமை நடத்துநராக (கையசைத்து இசைக்குழுவை வழிநடத்துபவர்) இருந்த ரஃபேல் கூபெலிக்கும் மற்றவர்களும் விழாவைத் தொடங்கினார்கள். அதிபர் பெனெஷ் புரவலர். முதல் ஆண்டிலேயே அமெரிக்காவிலிருந்து 27 வயது இளைஞர் ஒருவர் வந்து நடத்திவிட்டுப் போனார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நடத்துநர், பெயர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன்.

அதென்ன, எப்போதும் மே 12?

இசையமைப்பாளர் ஸ்மெதனா இறந்த நாள் அது. 1884 மே 12. செக் மக்களுக்கு அவர்தான் தேசிய இசையின் தந்தை. தியாகராஜர் சமாதியான நாளை ஒட்டித் திருவையாற்றில் ஆராதனை நடப்பதுபோல, இங்கே ஸ்மெதனாவின் நினைவு நாளில் விழா தொடங்குகிறது. அன்றைக்குப் பகலில் விஷெஹ்ராத் குன்றின் மேலுள்ள அவருடைய கல்லறையில் மலர் வைப்பார்கள். மாலையில் நகராட்சி மாளிகையின் ஸ்மெதனா அரங்கில் அவருடைய 'மா வ்லாஸ்த்' என்ற இசைப் படைப்பு முழுவதும் வாசிக்கப்படும். 1952-லிருந்து இதுதான் வழக்கம்.

நாட்டின் அதிபர் வந்து தன் இடத்துக்குப் போகும்போது ஸ்மெதனாவின் 'லிபூஷே' ஓபராவிலிருந்து எக்காள முழக்கம் ஒலிக்கும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பிறகு தேசிய கீதம். எல்லாம் அடங்கி உட்கார்ந்ததும் யாழ் போன்ற இரண்டு ஹார்ப்கள் மட்டும் மெல்லத் தொடங்கும். அந்த இடத்தில் எனக்குப் புல்லரித்தது, மறைக்க ஒன்றுமில்லை.

'மா வ்லாஸ்த்' கேட்டதே இல்லை. போனால் ஏதாவது புரியுமா?

கேட்காமல் போகாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முந்தைய மாதம் முழுதாக இரண்டு முறையாவது கேட்டுவிடுங்கள். மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

'என் தாய்நாடு' என்று பொருள். ஆறு தனித்தனி இசைச் சித்திரங்கள்: விஷெஹ்ராத், வ்ல்தவா, ஷார்கா, பொஹீமியாவின் வயலும் காடும், தாபோர், பிளானிக். பாட்டு கிடையாது, சொல் கிடையாது; ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு.

எல்லோருக்கும் தெரிந்தது வ்ல்தவா. அது பிராக் நகரின் நடுவே ஓடும் ஆறு. முதலில் புல்லாங்குழல்களும் பிறகு கிளாரினெட்டுகளும் இரண்டு ஊற்றுகளாக ஓடிவரும். மற்ற கருவிகள் சேரச் சேர ஆறு அகலமாகும். வழியில் வேட்டைக் கொம்பு கேட்கும், கரையில் ஒரு கிராமத்துக் கல்யாணம் நடக்கும், நிலவொளியில் நீர்த்தேவதைகள் ஆடுவார்கள். அப்புறம் புனித யோவான் நீர்ச்சரிவில் மொத்தக் குழுவும் கொந்தளிக்கும். அந்த நீர்ச்சரிவு இன்றைக்கு இல்லை. பின்னாளில் கட்டிய அணையின் நீருக்கடியில் போய்விட்டது. இப்போது அதைக் கேட்கத்தான் முடியும்.

ஸ்மெதனா இதை எழுதியது 1874 நவம்பர், டிசம்பரில், 19 நாட்களில். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அவருக்கு இரண்டு காதும் முழுவதுமாகக் கேட்காமல் போயிருந்தது. தன் ஆற்றின் ஓசையை அவர் ஒரு முறைகூடக் காதால் கேட்கவில்லை.

மூன்றாவதான ஷார்காவைப் பலர் கவனிப்பதில்லை, எனக்குப் பிடித்தது அதுதான். ஆண்கள்மேல் வஞ்சம் கொண்ட ஷார்கா தன்னை மரத்தில் கட்டிவைக்கச் சொல்லி, அபலைபோல் அழுது, வந்து காப்பாற்றிய வீரனுக்கும் அவன் ஆட்களுக்கும் மது ஊற்றித் தூங்கவைத்து, கூட்டத்தோடு வெட்டிச் சாய்க்கிறாள். எல்லோரும் தூங்கிவிட்டதற்கு அடையாளமாக பஸ்ஸூன் என்ற ஊதுகருவி அடித்தொண்டையில் ஒரு குறட்டை விடும். அதைப் பிடிக்கத் தெரிந்தால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடும்.

கடைசி இரண்டும் 15-ஆம் நூற்றாண்டின் ஹுஸ்சைட் என்ற சமயச் சீர்திருத்தப் போராளிகளின் பாசுரத்தின் மேல் கட்டப்பட்டவை. தாபோர் எந்தச் சுரங்களில் முடிகிறதோ அதிலேயே பிளானிக் தொடங்கும். நாட்டுக்கு ஆபத்து வரும்போது பிளானிக் குன்றுக்குள் உறங்கும் வீரர்கள் எழுந்து வருவார்கள் என்பது நம்பிக்கை.

1990 கச்சேரியைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்களே, என்ன நடந்தது?

விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கூபெலிக், 1948-ல் கம்யூனிஸ்ட்கள் ஆட்சியைக் கைப்பற்றியதும் நாட்டைவிட்டு வெளியேறினார். அந்த ஆட்சி இருக்கும்வரை திரும்புவதில்லை என்று இருந்துவிட்டார். 42 ஆண்டுகள். 1989 இறுதியில் ஆட்சி விழுந்தது. அடுத்த மே 12 அன்று, உடல் தளர்ந்து மேடையைவிட்டு ஒதுங்கியிருந்த மனிதர், அதே செக் பில்ஹார்மோனிக் முன் நின்று 'மா வ்லாஸ்த்' நடத்தினார். கேட்க வந்தவர்களில் அதிபர் ஹாவெலும் இருந்தார். அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு கிடைக்கிறது. முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போக ஒரே ஒரு பதிவு சொல்லுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இதைவிடச் சுத்தமான வாசிப்புகள் இருக்கின்றன. இருக்கட்டும்.

தொடக்க நாள் டிக்கெட் கிடைக்குமா?

கஷ்டம். ஆனால் ஒரு வழி இருக்கிறது: அதே கச்சேரி, அதே குழு, மே 13 அன்று மறுபடி நடக்கும். அதிபரும் கேமராக்களும் இருக்க மாட்டார்கள், இசை அதேதான். எனக்குக் கேட்டால் 13 தான் நல்லது. 12-ஆம் தேதி பாதி அரங்கம் பார்க்கப்படுவதற்காக வந்திருக்கும்.

எதுவும் கிடைக்கவில்லையென்றாலும் செக் தொலைக்காட்சியும் வானொலியும் தொடக்கக் கச்சேரியை நேரடியாக ஒலிபரப்புகின்றன. வானொலி நிலையத்தின் பெயரே வ்ல்தவா. சில ஆண்டுகளில் ஆற்றோரம் கம்பா பூங்காவில் பெரிய திரை வைத்து இலவசமாகக் காட்டியிருக்கிறார்கள். ஒரு போர்வையோடு போய்ப் புல்லில் உட்காரலாம்.

தொடக்க நாளில் எந்தக் குழு வாசிக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஸ்மெதனாவின் 200-ஆவது பிறந்த ஆண்டான 2024-ல் பெர்லின் பில்ஹார்மோனிக் வந்தது, கிரில் பெட்ரென்கோ நடத்தினார்.

டிக்கெட் எப்போது, எங்கே வாங்குவது?

விழாவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில். விற்பனை முந்தைய ஆண்டின் இறுதியிலேயே தொடங்கிவிடும். மே மாதம் போவதற்கு ஜனவரியில் யோசித்தால் பெரிய பெயர்களின் நல்ல இருக்கைகள் போயிருக்கும்; சிறு குழுக்கள் வாசிக்கும் அறை இசைக் கச்சேரிகளும் இளம் கலைஞர்களின் கச்சேரிகளும் கிடைக்கும். அவற்றை மட்டமாக நினைக்க வேண்டாம்.

தெருவில் விக் வைத்துக்கொண்டு டிக்கெட் விற்கிறார்களே, அவர்கள்?

அவர்களுக்கும் இந்த விழாவுக்கும் சம்பந்தமில்லை. பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றி மொஸார்ட் காலத்துச் சட்டையும் வெள்ளை விக்குமாக நிற்பவர்கள், சுற்றுலாப் பயணிகளுக்காகத் தேவாலயங்களிலும் அரங்குகளிலும் நடக்கும் ஒரு மணி நேரக் கச்சேரிகளுக்கு ஆள் பிடிப்பவர்கள். விவால்தியின் நான்கு பருவங்கள், கொஞ்சம் மொஸார்ட், கடைசியில் ஏதாவது ஒரு 'ஆவே மரியா'. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், சில சமயம் நன்றாகவே வாசிப்பார்கள். ஆனால் சில கச்சேரிகள் அதே நகராட்சி மாளிகையில் நடப்பதால் விழா டிக்கெட் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். டிக்கெட்டில் விழாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

அரங்கங்கள் எப்படி?

முக்கியமானவை இரண்டு. குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் குழப்பிக்கொண்டேன்.

ஸ்மெதனா அரங்கம் இருப்பது நகராட்சி மாளிகைக்குள். செக் மொழியில் 'ஒபெட்ஸ்னீ தூம்'. பழைய வெடிமருந்துக் கோபுரத்தை ஒட்டி நிற்கிறது. 1912-ல் திறந்த கட்டடம், கைப்பிடி, விளக்கு, கண்ணாடி என்று ஒவ்வொரு அங்குலத்திலும் 'ஆர்ட் நூவோ' என்ற அந்தக் காலத்துக் கலைப் பாணியின் அலங்காரம். மேயர் அறையை அலங்கரித்தவர் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூகா. 1918 அக்டோபர் 28 அன்று செக்கோஸ்லோவாக்கியாவின் விடுதலை அறிவிக்கப்பட்டதும் இங்கேதான். அரங்கத்தின் கூரையில் வண்ணக் கண்ணாடி. மே மாதத்தில் இருட்ட எட்டரை மணிக்கு மேலாகும் என்பதால், எட்டு மணிக் கச்சேரியின் தொடக்கத்தில் அதன்மேல் இன்னும் வெளிச்சம் இருக்கும். பார்க்க இதற்கு ஈடில்லை. கேட்க? பெரிய குழு முழு மூச்சில் வாசிக்கும்போது ஒலி கொஞ்சம் கலங்குகிறது.

ருடால்ஃபினம் ஆற்றங்கரையில், யான் பாலாக் சதுக்கத்தில் இருக்கிறது. 1885-ல் திறந்தது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே நாடாளுமன்றமாகக்கூட இருந்தது. உள்ளே த்வோர்ஷாக் அரங்கம், செக் பில்ஹார்மோனிக்கின் வீடு. இங்கே ஒரு வயலின் மெல்ல வாசித்தாலும் கடைசி வரிசைக்குத் தெளிவாக வரும். ஒரே ஒரு கச்சேரிதான் முடியும் என்றால் இந்த அரங்கில் நடப்பதாகப் பார்த்து எடுங்கள்.

முதல் முறை போனபோது டிக்கெட்டைச் சரியாகப் படிக்காமல் ருடால்ஃபினம் வாசலில் போய் நின்றேன். கச்சேரி நகராட்சி மாளிகையில். இரண்டுக்கும் இடையே நடந்தால் கால் மணி நேரத்துக்கு மேல். கருங்கல் பாவிய தெருக்களில் புது ஷூவோடு ஓடினேன். கதவு மூடியாகிவிட்டது. முதல் உருப்படியை மூடிய கதவின் இந்தப் பக்கம் நின்று கேட்டேன். தாமதமாக வருபவர்களை உருப்படிகளுக்கு நடுவில்தான் விடுவார்கள். அழுது பயனில்லை.

இவை தவிர, தேவாலயங்களிலும் நாடக அரங்குகளிலும், ஹொலெஷோவிட்ஸே பகுதியின் 'டாக்ஸ்' கலை மையத்திலும் நிகழ்ச்சிகள் உண்டு. கடைசியாகச் சொன்னதில் பெரும்பாலும் இன்றைய இசை. தைரியம் இருந்தால் போங்கள்.

என்ன உடுத்துவது?

தொடக்க நாளுக்கு ஆண்கள் கருஞ்சாயல் சூட், பெண்கள் நல்ல உடை. மற்ற நாட்களில் இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட் போதும். பட்டுப்புடவை தாராளமாகக் கட்டலாம், எல்லா நாளும் பொருந்தும். ஆனால் இரவில் திரும்பும்போது பத்து டிகிரிக்குக் கீழே இறங்கலாம், மேலே ஏதாவது வேண்டும். செருப்பில் உயரக் குதிகால் வேண்டாம். காரணம் மேலே சொன்ன கருங்கல்.

கோட், பெரிய பை எல்லாவற்றையும் 'ஷத்னா' என்ற அறையில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். மடியில் கோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைப் பாட்டி பார்ப்பார்.

எப்போது கைதட்டுவது?

முழு உருப்படியும் முடிந்த பிறகு. ஒரு சிம்பனியில் வழக்கமாக நான்கு பகுதிகள். நடுவில் வரும் நிசப்தத்தில் தட்டக் கூடாது. சபாவில் பிடித்த இடத்தில் 'பலே' சொல்லிப் பழகியவர்களுக்கு இது மூச்சுமுட்டும். என் வழி: நடத்துநரின் கைகளைப் பார்ப்பேன். கைகள் முழுதாக இறங்கினால்தான் முடிந்தது. அதிலும் ஒரு நொடி பொறுத்து, பக்கத்தில் இருப்பவர் தட்டியதும் நானும் தட்டுவேன். 'மா வ்லாஸ்த்'தில் தாபோருக்கும் பிளானிக்குக்கும் நடுவில் கவனம். அங்கே தட்டினால் ஒரே வாக்கியத்தைப் பாதியில் வெட்டியது போலாகும்.

இருமல் வந்தால் பகுதிகளுக்கு நடுவே இருமிக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் மொத்த அரங்கமும் அதைத்தான் செய்யும்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்காரும் குழந்தை என்றால் சரி. இல்லையென்றால் அவர்களுக்கும் பாவம், உங்களுக்கும் பாவம்.

விசா, பணம்?

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவானது) வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்க நெருங்கச் சந்திப்பு நேரம் கிடைப்பது கடினம், டிக்கெட் வாங்கிய கையோடு இதையும் தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

செக் நாடு யூரோவுக்கு மாறவில்லை, கொருனாதான். பெரும்பாலான இடங்களில் அட்டை போதும். பணம் மாற்றுவதானால் சுற்றுலாத் தெருக்களின் கவர்ச்சியான பலகைகளை நம்பாமல், கையில் எவ்வளவு வரும் என்று முதலில் கேளுங்கள். மாற்றிய பின் ஏமாந்தது தெரிந்தால், ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் ரத்துசெய்யச் சட்டப்படி உரிமை உண்டு. 1,000 யூரோ மதிப்பு வரை. கடைக்காரர் இதை நினைவூட்ட மாட்டார்.

எங்கே தங்குவது, எப்படிப் போவது?

மெட்ரோவில் மூன்று தடங்கள்தான். ருடால்ஃபினத்துக்குப் பச்சைத் தடத்தில் ஸ்தாரொமியெஸ்த்ஸ்கா நிலையம். நகராட்சி மாளிகைக்கு மஞ்சள் தடத்தில் நாமியெஸ்தி ரெபுப்ளிகி. ஏதாவது ஒரு மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினால் போதும், பழைய நகரத்துக்குள்ளேயே அறை எடுக்கத் தேவையில்லை. அங்கே விலையும் அதிகம், இரவுச் சத்தமும் அதிகம். காகித டிக்கெட் வாங்கினால் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த மறக்காதீர்கள். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் செக் சமையல் பன்றிக்கும் வாத்துக்கும் நேர்ந்துவிட்ட சமையல். மாவில் தோய்த்துப் பொரித்த பாலாடைக்கட்டி எல்லா உணவகங்களிலும் உண்டு. 'ஸ்மஷெனீ ஸீர்' என்று கேளுங்கள். உருளைக்கிழங்கைத் துருவிச் சுடும் 'பிரம்போராக்' நம் நாக்குக்கு ஒத்துவரும், பூண்டு போட்டிருப்பார்கள். பழம் உள்ளே வைத்த கொழுக்கட்டை ஒன்று உண்டு. அதைச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். 'பெஸ் மசா' என்றால் இறைச்சி இல்லாமல். காய்கறி சூப்பிலும் எலும்பு வேகவைத்த நீர் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

தெருவெங்கும் சுருள் சுருளாகச் சுட்டு விற்கும் 'த்ர்தெல்னிக்'கைப் பழைய பிராக் பண்டம் என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை, சுற்றுலாவோடு பெருகிய சரக்கு. ருசி பரவாயில்லை.

கச்சேரி எட்டு மணி வாக்கில் தொடங்கும், முடியப் பத்து ஆகும். பல சமையலறைகள் அதற்குள் மூடிவிடும். ஆறு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

குறைந்த செலவில் ஏதாவது கேட்க முடியுமா?

முடியும், அதிகம் பேருக்குத் தெரியாத வழி: விழாவோடு சேர்ந்து 1947-லிருந்து இளம் கலைஞர்களுக்கான சர்வதேசப் போட்டி ஒன்று நடக்கிறது. கருவிகள் ஆண்டுதோறும் மாறும். சுற்றுகள் மே மாத முதல் பாதியில். பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம். 1950-ல் செல்லோவில் பரிசு வாங்கிய 23 வயதுப் பையன், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற செல்லோ கலைஞர் ரோஸ்த்ரபோவிச். அடுத்தவர் யார் என்று நாமாக ஊகித்துக்கொண்டு, முடிவு வந்ததும் நடுவர்களைத் திட்டிக்கொண்டு வெளியே வருவதில் ஒரு தனி சுகம்.

எத்தனை நாள் ஒதுக்கலாம்? பகலில் என்ன செய்வது?

ஐந்து நாள், மூன்று கச்சேரி. தினமும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் நான்காம் நாள் காது எதையும் உள்ளே விடாது.

பகலில் ஒருநாள் சிவப்புத் தட மெட்ரோவில் விஷெஹ்ராத் போங்கள். கோட்டைச் சுவருக்குள் தேவாலயம், அதை ஒட்டிக் கல்லறைத் தோட்டம். ஸ்மெதனா அங்கே இருக்கிறார், த்வோர்ஷாக்கும் மூகாவும் இருக்கிறார்கள். மே 12-க்கு அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் போனால் விழாக்காரர்கள் வைத்த மலர்கள் இன்னும் வாடாமல் இருக்கலாம். பிறகு கோட்டை மதிலோரம் நடந்து வந்தால் கீழே வ்ல்தவா தெரியும். அந்த இடத்தில் ஆறு அகலமாக, அவசரமில்லாமல் போகிறது. இசையில் கடைசியாக விஷெஹ்ராத்தைத் தாண்டும் அந்தப் பத்தி இதே இடம்தான். காதில் மாட்டிக்கொள்ள ஏதாவது எடுத்துப் போயிருந்தால் அங்கே போட்டுக் கேளுங்கள்.